மறுபக்கம் சுற்றிய சக்கரம்

ஜூன் 4

அக்கா,

தொலைபேசியில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். தொலைபேசியில் நீ "சாப்டியா" என்று கேட்பாய். சாப்பிட்டேன் என்பேன். அதற்குள் அத்தான் உள்ளேயிருந்து எதையாவது காணவில்லை என்பார், நீ அவருக்குப் பதில் சொல்லப் போவாய், பேச்சு முடிந்துவிடும். காகிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது. நீயும் எழுதியே பதில் சொல்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நீக்கவில்லை. நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜூலை முப்பதாம் தேதி விசாரணை. அதுவரை எக்ஸ்ரே அறைக்குள் நான் போகக் கூடாது.

ஒரு பஸ் கண்டக்டர். முழங்கால் வலி. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு காலையும் படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஈயத்தில் வெட்டிய ஓர் எழுத்தை ஒட்டுவோம். இடது என்றால் எல், வலது என்றால் ஆர். படத்தில் அது வெள்ளையாக விழும். டாக்டர் அந்த எழுத்தைத்தான் நம்புவார். நான் மாற்றி ஒட்டிவிட்டேன்.

ஆபரேஷன் அறையில் அவருடைய நல்ல காலைச் சவரம் செய்து, மருந்து தடவி, துணியும் போர்த்திவிட்டார்கள். மயக்க ஊசி போட வந்தபோதுதான் அவர் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். "டாக்டர், அது நல்ல காலாச்சே. அதை ஏன் தொந்தரவு பண்றீங்க?"

அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லை. வார்டுக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "ரெண்டுமே என் கால்தானேம்மா, விடு" என்றார். அவர் மனைவி மட்டும் என்னைப் பார்க்கவில்லை. ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு இடம் வலம் சட்டென்று வராது. உனக்குத் தெரியும். வாடகைக் காரில் "வலது பக்கம் திரும்புங்க" என்று சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டுவேன். வீட்டில் எல்லோரும் சிரிப்பீர்கள். வேலையில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். மோதிரம் இருப்பது வலது கை. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எதிரில் படுத்திருப்பவருக்கு அது இடது என்று மனதுக்குள் திருப்பிக்கொண்டு, பிறகுதான் எழுத்தை எடுப்பேன். ஏழு வருடம். அன்று என்ன நடந்தது என்று நினைவில் இல்லை. மோதிரத்தைத் தொட்டது நினைவிருக்கிறது. பிறகு படம்.

விசாரணையில் ஒரே கேள்விதான் கேட்பார்களாம். இது மறுபடி நடக்குமா? எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாமல் அந்த அறைக்குத் திரும்பிப் போக முடியாது. அந்த வேலை இல்லாமல் எனக்கு வேறு என்ன தெரியும் என்றும் தெரியவில்லை.

"வீட்டுலயே உக்காந்திருக்காதீங்க, கையால ஏதாவது செய்யுங்க" என்றார் மேற்பார்வையாளர். மண்பாண்ட வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். சிரிக்காதே. பெரியவர்களுக்கானது. கார் நிறுத்துமிடத்தை மறித்துக் கட்டிய கூடம், ஆறு மின்சாரச் சக்கரங்கள், மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. ஆசிரியை பகலில் பல் செட் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறார். முதல் பாடம், சக்கரத்தின் நடுவில் மண் உருண்டை ஆடாமல் நிற்க வேண்டும். மூன்று வகுப்பு ஆகிவிட்டது. என்னுடையது ஆடிக்கொண்டே இருக்கிறது.

உன்
வாலு


ஜூன் 11

அன்புள்ள வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் கடைசியாகக் கடிதம் எழுதியது எப்போது என்றே நினைவில்லை. பேனாவைத் தேடி எடுத்தால் மை இல்லை. இது அத்தானின் பேனா. கிறுக்கலாக இருந்தால் அவரைத் திட்டு.

இரண்டு நாள் மனசே சரியில்லை. பிறகு எனக்குள் சொல்லிக்கொண்டேன், ஆள் நன்றாகத்தானே இருக்கிறார், கால் நன்றாகத்தானே இருக்கிறது. எங்கள் தையல் பட்டறையில் நாற்பது மடிப்புத் துணியை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டுகிறவள் நான். போன வருடம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது சட்டை. நாற்பதுக்கும் இடது கை மட்டுமே எண்பது வெட்டி வைத்தேன். முதலாளி வந்து பார்த்தார். "ஏம்மா, அந்தப் பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு ரெண்டும் இடது கையா?" என்று கேட்டார். திட்டினார். பிறகு எல்லோரும் டீ குடிக்கப் போனோம். யாரும் விசாரணை வைக்கவில்லை.

துணி வேறு, கால் வேறு என்பாய். சரி.

உனக்கு இடம் வலம் குழப்பம் பிறவியிலேயே உண்டு. அதை நினைத்து மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளாதே. விசாரணையில் தெளிவாகச் சொல், இனிமேல் நடக்காது என்று. தெரியவில்லை என்று எங்கேயும் உளறி வைக்காதே. உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு, கேட்ட கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்வது.

மண் எல்லாம் எதற்கு? நகத்துக்குள் போகும். வேண்டுமானால் இங்கே வந்து பத்து நாள் இரு. பின்னறையில் துணி மூட்டை இருக்கிறது, ஒதுக்கி வைக்கிறேன்.

அக்கா


ஜூன் 19

அக்கா,

திங்கட்கிழமை ஒன்று நடந்தது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

தாமதமாகப் போனேன். என் வழக்கமான சக்கரத்தில் வேறு ஒருவர். மூலையில் இருந்ததில் உட்கார்ந்தேன். மண்ணை அறைந்து வைத்து, கையை நனைத்து, மிதியை அழுத்தினேன். வழக்கம்போல முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டு கண்ணை மூடினேன். ஆசிரியை அப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கிறார்.

மண் ஆடவில்லை.

கைக்குள் ஏதோ நின்றுவிட்டதுபோல் இருந்தது. சக்கரம்தான் நின்றுவிட்டதோ என்று கண்ணைத் திறந்தேன். சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் கட்டைவிரலை இறக்கினேன். திறந்தது. பானையின் சுவரை மேலே இழுத்தேன். வந்தது. ஒரு சாண் உயரம். நான் ஒன்றும் செய்யவில்லை. என் இடது கை வெளிப்பக்கம் இருந்தது. எப்போது அங்கே போனது என்று தெரியாது.

பக்கத்துச் சக்கரத்தில் ஒரு லிஃப்ட் மெக்கானிக். "என்னங்க, மண்ணு ஆடலையே! நேத்து வரைக்கும் டான்ஸ் ஆடிட்டிருந்ததே!" என்று கத்தினார். ஆசிரியை வந்து பார்த்தார். குனிந்து சக்கரத்துக்கு அடியில் ஒரு சுவிட்சைப் பார்த்தார்.

"யாரு இதைத் திருப்பி வச்சது? இது மறுபக்கம் சுத்துது."

காலை வகுப்பில் ஒருவர் இடது கைக்காரராம். அவர் திருப்பி வைத்ததை மறுபடி மாற்றாமல் போயிருக்கிறார்.

"நீங்களும் இடதா?"

"இல்லையே. வலதுதான்."

"எழுதிக் காட்டுங்க."

ஈர மண் பலகையில் விரலால் எழுதினேன். வலது கையால்தான். சரி என்று திரும்பிப் போனவர், மூன்றடி தள்ளிப் போய் ஒரு மண் உருண்டையை என்மேல் எறிந்தார். பிடித்தேன். இடது கையால்.

மெக்கானிக், "நாங்க பாக்குற பில்டிங்குல ஒரு லிஃப்ட் இருக்கு, மேல போற பட்டனை அமுக்கினா கீழ போகும். ஒயரை யாரோ மாத்திக் குடுத்துட்டாங்க. ஆனா நல்லாத்தான் ஓடுது" என்றார்.

ஆசிரியை என் பானையைக் கம்பியால் நெடுக இரண்டாக அறுத்தார். சுவர் எவ்வளவு தடிமன் என்று பார்க்க. எல்லோருடைய முதல் இருபது பானைக்கும் இதுதான் கதி. "சமமா இருக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டு பாதியையும் பழைய மண் வாளியில் போட்டார். எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க வாய் வரவில்லை.

அக்கா, நான் சின்ன வயதில் இடது கையா?

வாலு


ஜூன் 27

அன்புள்ள வாலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தானுக்கு இருமல், மருந்து குடிக்க மாட்டேன் என்கிறார். பட்டறையில் வேலை அதிகம். பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன, எல்லோருக்கும் நேற்றே சட்டை வேண்டும். காஜா எடுக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அவள் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. பின்னறையை ஒதுக்கிவிட்டேன், நீ வரவில்லை.

நீ கேட்டதற்கு. வலது கைதான். உனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது யார்? நான்தானே. எனக்குத் தெரியாதா? பந்தை யாரும் எந்தக் கையால் வேண்டுமானாலும் பிடிப்பார்கள். நான்கூட அப்படிப் பிடிப்பேன்.

இதையெல்லாம் விசாரணையில் போய்ச் சொல்லிவிடாதே. கை சரியில்லாதவள் என்று எழுதி வைத்துவிடுவார்கள்.

வெயில் அதிகம். தண்ணீர் குடி.

அக்கா


ஜூலை 3

அக்கா,

பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன்.

எனக்கு இரண்டு வயது இருக்கும்போது ஒரு படம். உன் மடியில் உட்கார்ந்திருக்கிறேன். கையில் கரண்டி. அடுத்து, நான்கு வயதில் பள்ளிக்கூடத்தில் எடுத்தது. கையில் சாக்குக்கட்டி. இரண்டும் ஒரே கை இல்லை.

முதல் படத்தைக் கழுவும்போது திருப்பிப் போட்டிருப்பார்களோ என்று சந்தேகம். எக்ஸ்ரே எடுப்பவளுக்கு எல்லாப் படத்தின்மேலும் சந்தேகம். உன் பள்ளிச் சட்டையில் பை இருக்கிறது. சட்டைப் பை எந்தப் பக்கம் வரும்? அதையும் உன்னிடமே கேட்க வேண்டியிருக்கிறது. நீதான் சட்டை வெட்டுகிறவள்.

படத்தைப் பார்ப்பவருக்கு வலப்பக்கத்தில் பை தெரிகிறது. மோதிரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வாலு


ஜூலை 9

வாலு,

பை இடது மார்பில்தான் வரும். பார்ப்பவருக்கு வலப்பக்கம். படம் சரியாகத்தான் இருக்கிறது.

நீ இடது கைதான். அம்மா மாற்றினாள். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னால். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் செய்ததுதான், உன்னை மட்டும் யாரும் தனியாக ஒன்றும் செய்யவில்லை. அம்மாவும் நல்லதுக்குத்தான் செய்தாள். போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. இப்போது அவளைக் கேட்க முடியுமா? விட்டுவிடு.

அத்தானுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

அக்கா


ஜூலை 15

அக்கா,

எப்படி மாற்றினாள் என்று நீ எழுதவில்லை. அடித்தாளா? கட்டிப்போட்டாளா? எனக்கு எதுவும் நினைவில்லை. நினைவில் இல்லாத ஒன்றின்மேல் எப்படிக் கோபப்படுவது என்று தெரியாமல் மூன்று நாள் வீட்டுக்குள் நடந்தேன். பிறகு அம்மா படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, அலமாரியில் துண்டுகளுக்கு அடியில், முகம் கீழே இருக்கும்படி வைத்தேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. அதைப் பார்த்தாலும் கோபம் வருகிறது. அது கோபம்தானா என்றும் தெரியவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு மூளை டாக்டர் இருக்கிறார். அவர் அறை வாசலில் காத்திருந்து கேட்டேன். கையை மாற்றினால் இடம் வலம் குழம்புமா? "சொல்ல முடியாதும்மா. மாத்தாதவங்களுக்கும் குழம்புது. மாத்தினவங்க பல பேருக்குக் குழம்பல" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வகுப்பில் இன்னும் மோசம். இப்போது எந்தப் பக்கம் சுற்றினாலும் வரவில்லை. வழக்கமான பக்கம் சுற்றினால், இது என் பக்கம் இல்லை என்று தோன்றுகிறது. சுவிட்சைத் திருப்பினால், இதுதான் என் பக்கம் என்று நினைத்துக்கொண்டே செய்கிறேன், மண் சரிந்துவிடுகிறது. ஒரே மாலையில் ஒன்பது தடவை திருப்பினேன். ஆசிரியை வந்து, "ஒரு முடிவுக்கு வாங்கம்மா, பெல்ட் தேய்ஞ்சு போகுது" என்றார். மெக்கானிக், "விடுங்க டீச்சர், அவங்க கடைசில நேரா மேல போகப் போறாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குழாயடியில் வெகுநேரம் கை கழுவினேன்.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். முப்பதாம் தேதி, மறுபடி நடக்குமா என்று கேட்டால், அம்மா என் கையை மாற்றிவிட்டாள் என்று சொல்லப் போகிறேன். அவள் செய்ததுதான் இது என்று. கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போகிறேன். ஆஸ்பத்திரிக் கோப்பில் அவள் பெயர் இருக்கட்டும்.

வாலு


ஜூலை 19

வாலு,

அம்மா படத்தை எடுத்து மாட்டு. இதைப் படித்து முடிப்பதற்கு முன்னாலேயே எழுந்து போய் மாட்டு.

அம்மா இல்லை. நான்.

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. அத்தான் என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், அளவு எழுதுகிறேன் என்றேன்.

அந்த வீடு உனக்கு நினைவிருக்காது. ஒரே அறை. மூலையில் ஒரு மேசை, இரண்டு பக்கம் சுவர். அம்மாவுக்கு டெலிபோன் ஆபீசில் மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பக்கத்து வீட்டிலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து, மேசையில் உட்காருவேன். பெஞ்சில் எனக்கு வலப்பக்கம் நீ. தரையில் விட்டால் அழுவாய். உனக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுப்பேன். நீ கிறுக்குவாய். இடது கையால். எனக்கு அது பத்தாம் வகுப்பு.

உன் இடது முழங்கை என் வலது முழங்கையை இடிக்கும். நான் வட்டம் போடுவேன், நீ இடிப்பாய், கோடு தாளுக்கு வெளியே போகும். அழித்துவிட்டு மறுபடி போடுவேன். மறுபடி இடிப்பாய். ஒரு நாள் கணக்கு நோட்டே கிழிந்துவிட்டது. உன்னை அறைந்தேன். நீ அழவில்லை, அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் என்னுடைய பழைய காலுறை ஒன்றை உன் இடது கையில் மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டேன். "இந்தக் கை தூங்குது, எழுப்பக் கூடாது" என்று சொன்னேன். நீ நம்பிவிட்டாய். மூன்று வயது. வலது கையால் அந்தக் காலுறையைத் தட்டித் தட்டித் தூங்க வைத்தாய். பிறகு வலது கையால் பென்சிலை எடுத்தாய்.

எட்டு மாதம். தினமும். அம்மா வருவதற்குள் கழற்றிவிடுவேன். ஒருநாளும் நீ காட்டிக்கொடுக்கவில்லை.

பரீட்சை முடிந்த அன்று காலுறையைத் தூக்கிப் போட்டேன். உன் இடது கையில் பென்சிலைக் கொடுத்தேன். நீ அதை வலது கைக்கு மாற்றிக்கொண்டாய். இரண்டு மூன்று நாள் கொடுத்துப் பார்த்தேன். பிறகு கொடுக்கவில்லை. அம்மா ஒருநாள், "பாரேன், அதுவா மாறிடுச்சு. நல்லதாப் போச்சு" என்றாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

கணக்கில் எழுபத்தொன்று வாங்கினேன்.

இதையெல்லாம் எழுதிவிட்டு ஒரு விஷயம் இப்போதுதான் தோன்றுகிறது. நாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம். நீ எனக்கு இடப்பக்கம் வந்திருந்தால் உன் இடது கை சுவர்ப் பக்கம் போயிருக்கும். இடித்திருக்காது. அவ்வளவுதான். எழுந்து இடம் மாறியிருந்தால் போதும். இருபத்தாறு வருடத்தில் ஒருநாள்கூட இது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

நீ காரில் கையை மாற்றி நீட்டும்போது எல்லோரும் சிரிப்பார்கள் என்று எழுதியிருந்தாய். நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன். கவனித்திருப்பாய்.

அக்கா


ஜூலை 24

கடிதம் வந்தது. அம்மா படத்தை மாட்டிவிட்டேன்.

இப்போது எழுத முடியாது. தொலைபேசியில் கூப்பிடாதே.


ஜூலை 26

வாலு,

கூப்பிடவில்லை. இரண்டு தடவை எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன், அது கணக்கில் வராது.

இதோடு ஒரு தனித் தாள் வைத்திருக்கிறேன். விசாரணைக் குழுவுக்கு. நடந்ததை எழுதி, முழுப்பெயரும் முகவரியும் போட்டு, கையெழுத்திட்டிருக்கிறேன். பிழை இருக்கும், திருத்திக்கொள். இதைக் கொடு. குற்றம் உன்னுடையதில்லை என்று அவர்களுக்குத் தெரியட்டும். நேரில் வந்து சொல்லச் சொன்னாலும் வருகிறேன், பட்டறையில் லீவு கேட்டுவிட்டேன். என்ன காரணம் என்று முதலாளி கேட்டார். தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்கும் மன்னித்துக்கொள்.

என்னை மன்னித்தாயா என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ யோசிப்பாய்.

வேறு ஒன்று கேட்கிறேன். நான் வரட்டுமா? விசாரணைக்கு இல்லை. சும்மா.

அக்கா


ஆகஸ்ட் 12

அக்கா,

விசாரணை முடிந்தது. உன் தாளைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் உன்னைப் பற்றிப் பேசியிருப்பார்கள். அன்று அந்த அறையில் இருந்தது நான்தான்.

மூன்று பேர். எக்ஸ்ரே பிரிவு டாக்டர், தலைமை நர்ஸ், நிர்வாக அலுவலர். எதிர்பார்த்த கேள்வி வந்தது. இது மறுபடி நடக்குமா? தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் டாக்டர் தன் மேசைமேல் இருந்த திரையை என் பக்கம் திருப்பினார்.

"இதைப் பாருங்க. இது ஞாபகம் இருக்கா?"

ஒரு முழங்கால். கலங்கலாக. எடுக்கும்போது ஆள் அசைந்தால் படம் இப்படிக் கலங்கும். அதைத் தள்ளிவிட்டு மறுபடி எடுப்போம். தள்ளிய படமும் இயந்திரத்தில் எங்கோ கிடக்கும். யாரும் பார்ப்பதில்லை. இவர் தேடி எடுத்திருக்கிறார்.

கண்டக்டர் இருமினார். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதல் படம் எடுக்கும்போது அவர் இருமிவிட்டு, "சாரிம்மா, டிக்கெட் குடுத்துக் குடுத்துத் தொண்டை போச்சு" என்றார்.

அது அவருடைய இடது கால். ஓரத்தில் எல். சரியாக இருந்தது.

"முதல்ல சரியாத்தான் வச்சிருக்கீங்க," என்றார் டாக்டர். "ரெண்டாவது தடவை எடுக்கும்போது ஏன் மாத்தினீங்க?"

"சந்தேகம் வந்திருக்கும் சார்."

"எதனால?"

"முதல்ல தோணுறது எனக்குத் தப்பாத்தான் இருக்கும்னு."

"எப்பவுமா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் யோசித்தேன். எத்தனை தடவை தப்பாக இருந்தது, எத்தனை தடவை சரியாக இருந்ததை மாற்றினேன், யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா? நான் வைத்ததில்லை. தலைமை நர்ஸ், "ஏழு வருஷமா இப்படித்தான் பண்ணிட்டிருக்கியா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். நிர்வாக அலுவலர் ஏதோ எழுதினார். நான் சொன்னதைவிட நிறைய எழுதினார்.

பதில் நான்கு நாள் கழித்து வந்தது. வேலைக்குத் திரும்பலாம். மூன்று மாதம் நான் எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மோதிரத்தைக் கழற்றிவிடச் சொன்னார்கள். வேலையில் நகை கூடாது என்று விதி இருக்கிறதாம், இப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

இந்தத் திங்கள் போனேன். முதல் ஆள் தரைக்கு ஓடு பதிப்பவர். மணிக்கட்டில் அடி. எந்தக் கை என்று கேட்டேன். தூக்கிக் காட்டினார். தட்டில் வைத்தார். எழுத்தை எடுத்து ஒட்டினேன். உடனே மாற்றத் தோன்றியது. உடம்பு முழுக்கத் தோன்றியது, அக்கா. அவர், "என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

சரியாக இருந்தது. கையெழுத்திட வந்தவர் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே "ம்" என்றார்.

அன்று பதினாறு படம். பதினாறும் சரி. பதினேழாவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. படம் வரும்வரை ஒவ்வொரு தடவையும் தெரியாது. இதெல்லாம் நீ மாட்டிய காலுறையால்தானா, இல்லை நான் இப்படித்தான் பிறந்தேனா, அதுவும் தெரியாது. மூளை டாக்டருக்கே தெரியவில்லை. உன்னால்தான் என்று வைத்துக்கொண்டால் கோபம் சுலபமாக வருகிறது. அப்புறம் அந்தப் பெண் நினைவுக்கு வருகிறாள், பதினைந்து வயதில், ஒரு கையில் கணக்கு, மறு கையில் நான். அவள்மேல் கோபப்படப் பார்த்தேன். சில நாள் முடிகிறது. சில நாள் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை முடிந்தது.

வரட்டுமா என்று கேட்டிருந்தாய்.

பதிலாக மூன்று கடிதம் எழுதினேன். வராதே என்று ஒன்று, நான்கு பக்கம். மூன்று மாதம் போகட்டும், பார்க்கலாம் என்று ஒன்று. மூன்றாவது மிகவும் நன்றாக இருந்தது, யார் படித்தாலும் என்னைப் பெரிய மனசுக்காரி என்பார்கள். எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன்.

அந்த மூன்றுக்கும் முன்னால், விசாரணைக்கெல்லாம் முன்னால், உன் கடிதத்தை வாசலில் நின்று படித்து முடித்த கையோடு, அதன் ஓரத்திலேயே பென்சிலால் ஒரு சொல் எழுதியிருந்தேன். பிறகு ரப்பரை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தேன். இப்போதும் அது அங்கேயே இருக்கிறது.

வா.